பாகு காத்திருக்காது
கோவில்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

போட்ஸ்டாம், ஜெர்மனி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

நான் ஊரை விட்டு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவன் இரண்டு வேலை செய்வான்: சென்ட் பாட்டில் கொடுப்பான், ஊரைக் குறை சொல்வான். சென்ட் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது, அதனால் முதல் வேலை போய்விட்டது. இரண்டாவது வேலைக்காக இந்த மடலை எழுதவில்லை. இதில் குறை என்று ஏதாவது இருந்தால் முதல் குறை என்னுடையது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தேன். தங்கச்சி மகள் இன்ஜினீயரிங் கடைசி வருஷம், மெக்கானிக்கல். போகி அன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஒரு ஐயாயிரத்து ஐந்நூறு தர முடியுமா? புராஜெக்டுக்கு" என்றாள். நாலு பேர் கொண்ட குழு, மொத்தம் 22,000 ரூபாய். பெரிய ஊரில் ஒரு புராஜெக்ட் சென்டர். பணம் கட்டினால் மாடல், ரிப்போர்ட், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பதில் எல்லாம் ஒரே பையில் வந்துவிடுமாம். கல்லூரியின் முதல் பரிசீலனையான ஜீரோத் ரிவ்யூவிலேயே தலைப்பு ஓகே ஆகிவிட்டதாம். என்ன தலைப்பு என்று கேட்டேன்.

"சூரிய சக்தியில் இயங்கும் தானியங்கிப் புல் வெட்டும் இயந்திரம்."

"ஏம்மா, நம்ம ஊர்ல யார் வீட்ல புல்தரை இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ்ல இருக்கலாம், மாமா."

வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான், சிரிக்கிற உரிமை எனக்கு இல்லை என்பது உறைத்தது. நானும் கடைசி வருஷத்தில் புராஜெக்டை வாங்கியவன்தான். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருந்த நன்றியுரை மட்டும்தான் நாங்கள் எழுதியது. அதிலும் வேறு ஒரு கல்லூரியின் பெயர் ஓர் இடத்தில் அழியாமல் நின்றுவிட்டது, வழிகாட்டும் ஆசிரியரான கைடு உட்பட யாரும் கவனிக்கவில்லை. தொண்ணூறுக்கு மேல் மார்க் வந்தது.

அந்த மார்க்குக்கு நான் விலை கொடுத்தது இங்கே வந்த பிறகு. ஜெர்மனியில் என் முதல் நேர்முகத் தேர்வில் எதிரே இருந்த பெண்மணி, படிப்பில் நீங்களே செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றார். புராஜெக்டைச் சொன்னேன், மனப்பாடம் செய்தது அப்படியே வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் எது தப்பாகப் போனது?" எனக்குப் பதில் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டில் எதுவுமே தப்பாகப் போவதில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது.

*

நம் பக்கத்தில் புராஜெக்ட் எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் தலைப்பு. அதற்கு அடிப்படையாகக் காட்ட ஒரு ஆய்வுக் கட்டுரை, பேஸ் பேப்பர். பிறகு பாகங்களின் பட்டியல். அந்தப் பொருளை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற கேள்வி கடைசிவரை வருவதே இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் சூட்டிவிடுகிறோம், பிறகு அந்தப் பெயருக்கு ஒரு பிள்ளையைத் தேடிக் கடைக்குப் போகிறோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு முறைக்கு டிசைன் திங்கிங் என்று பெயர். தமிழில் வடிவமைப்புச் சிந்தனை எனலாம். நான் இருக்கும் போட்ஸ்டாமில் ஹாசோ பிளாட்னர் நிறுவனம் 2007-இல் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது. எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாட்னர்தான், அதற்கு முன் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதே வகைப் பள்ளிக்கும் பணம் கொடுத்தவர். முறை என்னவோ எளிமையானதுதான். முதலில் ஆளைப் போய்ப் பார். அவருடைய கஷ்டம் என்ன என்று ஒரு வரியில் எழுது. அதைத் தீர்க்க யோசனைகளைக் குவி. மலிவாக ஒரு மாதிரி செய். அதை அவர் கையில் கொடுத்துப் பார். தப்பு என்று தெரிந்தால் திரும்பப் போ. ஐந்து படி என்று சொல்வார்கள், ஆனால் ஏறி இறங்கி ஏறுவதுதான் அதில் பாதி வேலை.

இதன் பெருமைக்கு ஒரு மாணவர் புராஜெக்டைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் சில மாணவர்களுக்குக் குறைமாதக் குழந்தைகளுக்கான மலிவான இன்குபேட்டர் செய்யச் சொல்லிப் பணி கொடுத்தார்கள். குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் மலைக்கிராமங்களில், ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள். இன்குபேட்டரின் விலையைக் குறைத்து ஒரு பிரயோசனமும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் அவர்கள் செய்தது, தூங்கும் பை மாதிரி ஒரு சின்னப் பை. உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள் வைத்த உறை; அதைச் சூடாக்கி வைத்தால் கரண்ட் இல்லாமலே பல மணி நேரம் குழந்தையின் உடல் சூட்டைக் காக்கும். 'எம்பிரேஸ்' என்ற பெயரில் அது பெங்களூரிலிருந்து பல நாடுகளுக்குப் போனது. அந்த மாணவர் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால், விலை குறைந்த இன்குபேட்டர் ஒன்று நேபாளத்து ஆஸ்பத்திரி மூலையில் கூடுதலாகக் கிடந்திருக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யப் போராடியபோது, கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்து சோதித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 2016-இல் பத்மஸ்ரீ வந்தது. டிசைன் திங்கிங் என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

*

மருமகளிடம் பணம் தருகிறேன் என்றேன், ஒரு நிபந்தனையோடு. புல்லை விடு, நம் ஊரில் எது இருக்கிறதோ அதைப் போய் மூன்று நாள் பார்த்துவிட்டு வா. அதன் பிறகும் புல் வெட்டும் இயந்திரம்தான் வேண்டும் என்றால் முழுப் பணத்தையும் நானே கட்டுகிறேன்.

நம் ஊரில் என்ன இருக்கிறது என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் அனுமதி கேட்டோம். தங்கச்சிதான் முகத்தைச் சுளித்தாள். "பொம்பளப் பிள்ளைய படிக்க வச்சது மிட்டாய்ப் பட்டறைக்கு அனுப்பவா, அண்ணே?" நானும் கூடவே போகிறேன் என்று சொன்னதும் அடங்கினாள்.

முதல் நாள் நாலு பேரும் செல்போனில் படம் எடுத்தார்கள். டேப்பை நீட்டி எதையோ அளந்தார்கள். 'உற்பத்தித் திறனை அதிகரித்தல்' என்று நோட்டில் எழுதினார்கள். இரண்டாம் நாள் போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். அன்றுதான் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று எனக்கு, ஒன்று அவர்களுக்கு.

என் கண்ணில் பட்டவர் அடுப்படியில் பாகு காய்ச்சும் பெரியவர். வெல்லம் கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது இறுகியதும் விரலால் எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். பதம் வந்துவிட்டால் அதற்கு மேல் அவருக்குக் கையில் இருப்பது சில நிமிஷம்தான். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் கவிழ்த்து, உருட்டி, சமப்படுத்தி, கீறிவிட வேண்டும். தாமதித்தால் இறுகிவிடும், வெட்டினால் உடையும். அதனால் அவர் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்து வைத்திருக்கிறார். கடலை வறுத்து, புடைத்து, அளந்து வைத்தாயிற்று. பலகையில் மாவு தூவியாயிற்று. உருட்டுக்கட்டை கைக்கு எட்டும் இடத்தில். கத்தியும் அளவுக்கட்டையும் அதன் பக்கத்தில். "எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டுத்தான் பாகு வைக்கணும் தம்பி. பாகு நமக்காகக் காத்திருக்காது" என்றார். முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது என்று இங்கே என் ஆபீசில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

பிள்ளைகளின் கண்ணில் பட்டது வேறு. பின்கட்டில் ஐந்தாறு பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, வறுத்து உடைத்த கடலையில் தோல் புடைத்து, சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த அக்கா மத்தியானம் நடுவில் இருந்தார், மூன்று மணிக்கு வாசற்படிக்கே வந்துவிட்டார். குழுவில் இருந்த பையன் ஒருவன்தான் அதைக் கவனித்தான். "ஏன்க்கா இடம் மாறிக்கிட்டே இருக்கீங்க?"

"வெளிச்சம் போவுதுல்ல. அது பின்னாலயே நானும் போறேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை, கையும் நிற்கவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அங்கே எடைக்குக் கூலி, நம் கேள்விக்குப் பதில் சொல்லும் நேரமெல்லாம் அவருக்கு நஷ்டம். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது. ஒருவரின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளப் போகிறவன் அவர் கூலியில் கை வைக்கக் கூடாது. மூன்றாம் நாள் நாலு பேரும் ஆளுக்கொரு சுளகை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார்கள், பொறுக்கியது அந்த அக்காக்களின் கணக்கில் சேர்ந்தது. பேச்சு தானாக வந்தது. ஒரு மணி நேரத்தில் மருமகளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு அவளுக்குக் கேள்வி எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சொத்தை பொறுக்குவது சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. ஒரு கசப்புக் கடலை ஒரு துண்டு மிட்டாயைக் கெடுக்கும். அதோடு, பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் கூட்டமாகச் செத்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். நிறம் மாறிய, சுருங்கிய கடலையைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவது அந்த நஞ்சைக் குறைக்கும் வழிகளில் ஒன்று. அந்தக் கண்ணுக்குத்தான் மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் இல்லை.

அன்று ராத்திரி நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புது வரி எழுதினார்கள்: "சொத்தை பொறுக்கும் அக்காவுக்கு மத்தியானத்துக்கு மேல் வெளிச்சம் போதவில்லை, குனிந்து பார்ப்பதால் கழுத்து வலிக்கிறது, சொத்தையும் தப்புகிறது." யாருக்கு, எப்போது, என்ன கஷ்டம், ஏன் என்று நாலும் அந்த வரியில் இருக்கிறது. தலைப்பு இன்னும் இல்லை. புல் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

*

அடுத்தது நாள் கணக்கு. நான் போட்ஸ்டாம் திரும்பிவிட்டேன். ஞாயிறுதோறும் ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் வீடியோவில் பேசுவது என்று ஏற்பாடு. முதல் ஞாயிறே ஒரு அட்டவணை காட்டினார்கள்: ஜனவரியில் டிசைன், பிப்ரவரியில் பொருள் வாங்குதல், மார்ச்சில் செய்து முடித்தல், ஏப்ரலில் ரிப்போர்ட், வைவா. பார்வைக்கு அழகாக இருந்தது. "இதுல அக்கா எங்கே?" என்று கேட்டேன். செய்த பொருளை அவர் கையில் கொடுத்துப் பார்க்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

முன்னாலிருந்து எண்ணினால் இப்படித்தான் ஆகும். சோதனை எப்போதும் கடைசியில் நிற்கும், கடைசியில் நிற்பதை எல்லோரும் கடித்துக்கொண்டே வருவார்கள். கனடாவில் உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாம் கெட்டாலும் என்று போட்ட கணக்கையும் உண்மை தாண்டிவிட்டது.

மாணவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. திட்டமிடும்போது நாளைக் குறைத்துக் கணக்குப் போடும் இந்த மயக்கத்துக்கு 1979-இல் பெயர் வைத்தவர்கள் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும். அதே கானமன் இஸ்ரேலில் பள்ளிகளுக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதும் குழுவில் இருந்தார். சரியாக முடிவெடுப்பது எப்படி என்பதுதான் பாடமே. சுமார் இரண்டு வருஷம் ஆகும் என்று எல்லோரும் மதிப்பிட்டார்கள். எட்டு வருஷம் ஆனது, அதற்குள் புத்தகத்தைக் கேட்டவர்களுக்கே ஆர்வம் போய்விட்டது. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவருக்கே இந்தக் கதி.

அதனால் அட்டவணையைத் தலைகீழாகப் போட்டோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் வைவா. அங்கிருந்து பின்னால் 84 நாள். முதலில் வேலை நடக்காத நாள்களை வெட்டினோம். இன்டர்னல் தேர்வுகளுக்கு 12 நாள். கல்யாணம், கோயில் கொடை, பங்குனித் திருவிழா எல்லாம் சேர்த்து 8. ரிப்போர்ட் எழுதி, கைடு திருத்தி, கையெழுத்து வாங்கி, பிரின்ட் போட்டு, பைண்டிங் கடையில் கூட்டத்தோடு நிற்பதற்கு 14. மிச்சம் 50 நாள். மூன்று மாதம் இருக்கிறது என்று நினைத்திருந்த பிள்ளைகளின் முகம் அப்போதுதான் மாறியது.

அந்த 50-ஐ இப்படிப் பிரித்தோம். பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் 10. மாதிரி செய்ய மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து நாள்: செய்ய நாலு, அக்கா கையில் கொடுத்துவிட்டுக் கவனிக்க நாலு, திருத்த இரண்டு. மீதிப் பத்து நாளுக்கு வேலை எதுவும் எழுதவில்லை. "சும்மா விட்டா வீணாப் போயிருமே மாமா" என்றாள். விடு என்றேன். பிறகு ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது, இன்னொருவன் வீட்டில் ஒரு துக்கம் நடந்தது, வெல்டிங் கடைக்காரர் சொன்ன தேதியில் தரவில்லை. அந்தப் பத்து நாளும் போய், பதினோராவது நாளையும் கடன் வாங்கினார்கள்.

*

யோசனை குவிக்கும் நாளில் இங்கிருந்து நான் ஒரு கடிகாரத்தைக் கேமரா முன்னால் வைத்தேன். சிவப்பு வட்டம் உள்ள கடிகாரம். இருபத்தைந்து நிமிஷம் என்று திருப்பிவிட்டால் அந்த அளவுக்குச் சிவப்பு தெரியும், நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கிக்கொண்டே வரும். அமெரிக்கத் தாய் ஒருவர், "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காகச் செய்தது. டிசைன் திங்கிங் கூடங்களில் மேசைக்கு மேசை அது இருக்கும். நேரத்தைக் கண்ணால் பார்க்கிறவன் வளவளவென்று பேச மாட்டான்.

சிவப்பு தீரும்வரை யாரும் யாருடைய யோசனையையும் குறை சொல்லக் கூடாது என்பது விதி. முப்பத்தேழு யோசனை வந்தது. அதிரும் சல்லடை, காற்றில் பிரிப்பது, கேமரா வைத்து ஏஐ மூலம் சொத்தையைக் கண்டுபிடிப்பது, கண்ணாடி மேசை, தலையில் கட்டும் விளக்கு. கைடுக்குப் பிடித்தது ஏஐ. தலைப்பு கம்பீரமாக இருக்கும் அல்லவா? எது சிறந்தது என்று நாங்கள் விவாதிக்கவில்லை. எதை நாலு நாளில் அட்டையிலும் கயிற்றிலும் செய்து காட்ட முடியும் என்று மட்டும் பார்த்தோம். கண்ணாடி மேசை நின்றது.

பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை அட்டைப்பெட்டி மேல் வைத்து, அடியில் விளக்கு போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். கடலையைக் கொட்டினார்கள். எல்லாப் பருப்பும் கருப்பாகத் தெரிந்தது. வெளிச்சம் பருப்பை ஊடுருவாது, பின்னாலிருந்து விளக்கு வைத்தால் நிழல்தான் தெரியும். பத்தாம் வகுப்பு இயற்பியல். அக்காக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏம்மா, எங்க கண்ணுக்கு எல்லாமே சொத்தையா தெரியுதே!" அந்த ஞாயிறு பிள்ளைகள் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். எது தப்பாகப் போனது என்ற கேள்விக்கு அவர்களிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. அட்டையும் பழைய கண்ணாடியும் என்பதால் செலவும் இருநூறு ரூபாய்க்குள்தான். இதே தப்பை 22,000 ரூபாய் இயந்திரத்தில் செய்திருந்தால் வெளியே சொல்லாமல் மூடி மறைத்திருப்பார்கள்.

இரண்டாவது சுற்றில் விளக்கை மேலே, பக்கவாட்டில் சரித்து வைத்தார்கள். மேசை மேலிருந்த பளபளக்கும் தகடு கண்ணைக் கூசச் செய்தது, மங்கலான வெள்ளைப் பலகைக்கு மாற்றினார்கள். சொத்தை பளிச்சென்று தெரிந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மேசை ஓரமாகக் கிடந்தது, அக்கா பழையபடி தரையில் உட்கார்ந்திருந்தார். "மேசையில புடைக்க முடியுமா கண்ணு? தோல் எப்படிப் போகும்? சுளகைப் பிடுங்கிறாதீங்க." பொறுக்குவதை மட்டும் பார்த்துவிட்டு, அதே கை நடுநடுவே புடைக்கவும் செய்கிறது என்பதைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். அக்காக்களோடு பக்கத்தில் உட்கார்ந்து புடைத்தவர்களே விட்டுவிட்டார்கள். பார்த்தது போதும் என்று எந்தக் கட்டத்திலும் நினைக்க முடியாது.

மூன்றாவது சுற்றில் மேசையே போய்விட்டது. மிஞ்சியது ஒரு தாங்கி. ஒரு காலை மடக்கி உட்கார்ந்தால் மார்புக்கு எதிரே சரிவாகச் சுளகைத் தாங்கிக்கொள்ளும், தூக்கினால் கையோடு வந்துவிடும், புடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். பக்கத்தில் கழுத்து வளையும் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு. உயரத்தை மூன்று ஓட்டைகளில் மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சொச்சம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா சுவரோரம் இருந்த தன் பழைய இடத்திலேயே இருந்தார்.

தலைப்பு அதன் பிறகுதான் வந்தது. 'கடலை தரம் பிரிப்போருக்கான சுளகுத் தாங்கி'.

*

முடிவைச் சினிமா மாதிரி சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இதில் இயந்திரம் எங்கே?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் புல் வெட்டும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததாம், வேறு குழு வாங்கியது. என் மருமகள் குழுவுக்கு மார்க் சுமார்தான். ஆனால் இருபது நிமிஷம் நாலு பேரும் மாற்றி மாற்றிப் பேசியிருக்கிறார்கள், ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை. முதல் மாதிரி ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் ஓரத்தில் கிடந்தது என்று.

இனி ஆளாளுக்கு ஒரு வார்த்தை.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவருக்கு ஏழெட்டுக் குழு, அதற்கு மேல் அங்கீகாரக் குழு கேட்கும் கோப்புகள். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். ஜீரோத் ரிவ்யூவில் தலைப்பைக் கேட்காதீர்கள், நோட்டைக் கேளுங்கள். யாரைப் போய்ப் பார்த்தாய், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய், என்ன எழுதினாய் என்று கேளுங்கள். கடைசி ரிவ்யூவில் ஓடாமல் போன மாதிரியையும் மேசையில் வைக்கச் சொல்லி, அதற்கும் மார்க் போடுங்கள். இதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, வண்ணச் சீட்டுகளைச் சுவரில் ஒட்டினால் டிசைன் திங்கிங் ஆகிவிடாது. இங்கேயும் அப்படி ஒட்டிவிட்டுக் கலைந்து போகிறவர்கள் நிறைய. புராஜெக்டுக்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் கை இருக்கிறது. மானாவாரிக் காட்டில் உளுந்து பறிக்கும் முதுகு இருக்கிறது. ஹாக்கி மைதானத்தில் ஒட்டுப்போட்ட ஷூவோடு ஓடும் பையன் இருக்கிறான். போய் உட்காருங்கள். காலண்டரைக் கடைசித் தேதியிலிருந்து புரட்டுங்கள். ஆறு வாரம் என்று தோன்றினால் பத்து வாரம் என்று எழுதுங்கள்.

அப்பா அம்மாக்களே, உங்களுக்குத்தான் கடைசி வார்த்தை, ஏனென்றால் பணம் உங்கள் கையில் இருக்கிறது. ஜனவரி வந்ததும் பிள்ளை புராஜெக்டுக்குப் பணம் கேட்கும். கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தலைப்பு என்ன என்று கேட்க வேண்டாம், எவ்வளவு என்றும் கேட்க வேண்டாம். "யாரைப் போய்ப் பார்த்துட்டு வந்தே?" என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிய
உங்கள் ஊர்க்காரன்